ஸ்கேன் எடுத்தபின் டாக்டர் முடிவு மாறுகிறதா, யாராவது அளக்கிறார்களா?

தக்கலைக்காரன்:
அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். இடுப்புவலிக்கு எம்ஆர்ஐ எடுத்தோம். டாக்டர் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பழைய மாத்திரையையே எழுதினார். அப்போ ஸ்கேனால் என்ன பயன்?

மார்த்தாண்டம் டெக்னீஷியன்:
அதற்கு அளவுகோல் உண்டு. 1991-ல் ஃப்ரைபேக், தார்ன்பரி என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்கேனின் பயனை ஆறு படிகளாக வகுத்தார்கள். படம் தெளிவா என்பது முதல் படி. நீங்கள் கேட்பது மூன்றும் நான்கும்: டாக்டரின் எண்ணம் மாறியதா, சிகிச்சை மாறியதா. ஸ்கேனுக்கு முன்பே 'என்ன நோய், எவ்வளவு உறுதி, என்ன செய்வீர்கள்' என்று எழுதி வாங்க வேண்டும்; ரிப்போர்ட் வந்தபின் திரும்பவும் கேட்க வேண்டும். பின்னால் மட்டும் கேட்டால் 'நான் அப்பவே நினைச்சேன்' என்பார்கள்! எங்களுக்கு வரும் சீட்டில் பல நேரம் 'எல்எஸ் ஸ்பைன்' (கீழ் முதுகெலும்பு) என்று மட்டும்தான் இருக்கும். சந்தேகம் என்னவென்று ஒரு வரி கிடையாது.

நாகர்கோவில் பிஜி (மருத்துவ மேற்படிப்பு மாணவர்):
அண்ணே, மாத்திரை மாறாததால் மட்டும் வீண் என்று சொல்லிவிட முடியாது. 50 சதவீத உறுதி 90 ஆனாலும் மாற்றம்தான். ஆனால் வலியே இல்லாதவர்களுக்கும் வயதானால் டிஸ்க் தேய்மானம் படத்தில் தெரியும். அதுதான் குழப்பம். நரம்பு அழுந்துகிறதா என்று அறியக் கேட்கிறேன்: அப்பாவுக்குக் கால் மரத்துப்போகிறதா?

தக்கலைக்காரன்:
இல்லை. வலி மட்டும்தான்.