உம்மாவுக்கு ஈறு வீக்கம்: 0.2 சதவீத குளோர்ஹெக்சிடினை எப்படிக் கொப்பளிக்கணும்?

கீழக்கரை_வாசி:
உம்மாவுக்கு 58 வயசு, சர்க்கரை இருக்கு, வெத்தலையும் போடுவாங்க. பல் விளக்கும்போதெல்லாம் ஈறுல ரத்தம். பல் டாக்டர் பல்லுல இறுகிப் படிஞ்ச காறையைச் சுரண்டி க்ளீன் பண்ணிவிட்டு, குளோர்ஹெக்சிடின் 0.2% மவுத்வாஷ், 10 மில்லி, காலை ராத்திரி, ரெண்டு வாரம்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. பாட்டில் 150 மில்லி. இன்னிக்கு நாலாவது நாள்.

பக்கத்து வீட்ல பாதிக்குப் பாதி தண்ணி கலக்கணும்ங்கிறாங்க. எங்க வீட்டு போர் தண்ணி கடுப்பு உப்பு. பேஸ்ட் போட்டுத் தேய்ச்ச உடனே கொப்பளிக்கலாமா, டீ குடிக்கலாமா? நாக்கு வேற பழுப்பா இருக்கு. நேத்து மீன் ஆணத்துல உப்பே இல்லைன்னு சண்டை, எங்களுக்கெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

தொண்டி_பார்மசிஸ்ட்:
கணக்கை முதல்ல பாத்துருவோம். 0.2 சதவீதம்னா 10 மில்லியில 20 மில்லிகிராம் மருந்து. சீட்டுல 10 மில்லின்னு மட்டும் இருந்தா தண்ணி சேர்க்காம அப்படியே கொப்பளிக்கணும். எரிச்சல் தாங்கலைன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு 10 மில்லி மருந்தோட 10 மில்லி தண்ணி சேர்க்கலாம். ஆனா அந்த 20 மில்லியையும் கொப்பளிச்சாத்தான் அளவு முழுசாப் போகும். தப்பு நடக்கிறது இங்கதான்: கலக்கி வச்சுட்டு ஒரு மூடி மட்டும் எடுப்பாங்க, மருந்து பாதிதான் வாய்க்குப் போகும். மொத்தமாக் கலக்கி எடுத்து வைக்கவும் கூடாது, அந்தந்த வேளைக்கு அப்பப்ப.

போர் தண்ணி வேண்டவே வேண்டாம். உப்புத்தண்ணியில இருக்கிற குளோரைடும், கடின நீர்ல இருக்கிற கார்பனேட்டும் இந்த மருந்தோட சேர்ந்து கரையாத உப்பா மாறும். கலங்கி வெள்ளையா அடியில படிஞ்சா மருந்து வீண். காய்ச்சி ஆறின காவிரித் தண்ணியோ கேன் தண்ணியோ எடுங்க.

அளவுக்குப் பாட்டில் மூடியில கோடு இருக்கும். இல்லைன்னா சிரப்போட வர்ற 10 மில்லி குப்பி போதும், வீட்டு ஸ்பூனை நம்பாதீங்க. நாளைக்கு 20 மில்லின்னா ரெண்டு வாரத்துக்கு 280 மில்லி ஆகும். 150 மில்லி பாட்டில் ஏழரை நாள்ல காலி, ரெண்டாவது பாட்டில் வாங்கியே ஆகணும். வாங்கும்போது லேபிள்ல "வாய் கொப்பளிக்க"ன்னு இருக்கான்னு பாருங்க. காயம் கழுவுற திரவத்துலயும், அறுவை சிகிச்சைக்கு முன்னாடி கை கழுவுற திரவத்துலயும் இதே பேர் இருக்கும். கை கழுவுறது 4 சதவீதம், அதை வாய்க்குள்ள விடக்கூடாது.

சில தயாரிப்புல ஆல்கஹால் உண்டு. வாய் காய்ஞ்சு எரியும், மெட்ரோனிடசோல்ங்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ஆகாது. ஆல்கஹால் இல்லாததுன்னு கேட்டு வாங்குங்க, கிடைக்கும்.

இன்னொன்னு, கொப்பளிக்கும்போது வெள்ளைத் துப்பட்டியில தெறிக்காமப் பாத்துக்கச் சொல்லுங்க. மருந்து பட்ட துணியை ப்ளீச்சிங் பவுடர்ல போட்டா பழுப்புக் கறை விழும், அப்புறம் அது போகவே போகாது. பட்ட உடனே ப்ளீச் இல்லாத சோப்புல அலசிடணும்.

ஈறு_பல்_மருத்துவம்:
மேலே சொன்னது சரி. நேரம் பற்றி நான் சொல்கிறேன்.

இந்த மருந்து பல்லிலும் வாயின் உள்தோலிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் மெதுவாக வெளிவரும். இரண்டு வேளை போதுமானதற்கு அதுதான் காரணம். பேஸ்ட்டில் நுரை வரச் சேர்க்கும் சோடியம் லாரைல் சல்பேட் இதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே தேய்த்து, நன்றாக வாய் கழுவி, அரை மணி நேரம் விட்டுத்தான் கொப்பளிக்க வேண்டும். காலையில் எழுந்து தேய்த்து, டீயும் பசியாறலும் முடித்து, வெறும் தண்ணீரில் வாயை அலசிவிட்டு மருந்து: இது பலருக்கும் ஒத்துவரும். இரவில் படுக்கும் முன் கடைசி வேலையாக.

முழு ஒரு நிமிடம் கொப்பளிக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டையில் கரகரவென்று செய்வதல்ல. கன்னத்தை உப்பி, பல் இடுக்குகளுக்குள் திரவத்தைத் தள்ளி இழுப்பது. பிறகு துப்பிவிட வேண்டும். கசக்கிறதே என்று உடனே தண்ணீர் ஊற்றி அலசினால் ஒட்டிய மருந்தும் போய்விடும், கசப்பும் கூடும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது. டீ, காப்பிக்கு ஒரு மணி நேரம் விட்டால் நல்லது. நாக்கு பழுப்பானதற்குக் காரணம் டீச்சாயமும் வெற்றிலையும் மருந்தோடு சேர்ந்து படிவதுதான். நாக்குக் கறை மருந்தை நிறுத்தியதும் மெல்லப் போய்விடும். பல்லில் படிந்ததைச் சாம்பல், உப்புத்தூள் போட்டுத் தேய்க்காதீர்கள், எனாமல்தான் தேயும். டாக்டரிடம் பாலிஷ் செய்தால் போகும்.

உப்புச் சுவை மங்குவது இந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவு. சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் இருந்தால் இதில் கவனம் தேவை: நாக்குக்கு எட்டவில்லை என்று ஆணத்தில் கூடுதல் உப்பு போடுவார்கள், கருவாட்டைத் தொட்டுக்கொள்வார்கள். இந்த இரண்டு வாரமும் உப்பை வேறொருவர் பார்த்துப் போடுவது நல்லது.

உள்தோல் உரிந்தாலோ காதுக்கு முன்னால் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கினாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் தடிப்பு, முகம் அல்லது உதடு வீக்கம், மூச்சுத்திணறல் என்றால் ஒவ்வாமை, காத்திருக்காமல் 108.

ரத்தம் நின்றதும் நோய் போய்விட்டதென்று நினைக்கக் கூடாது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளம் 3 மில்லிமீட்டர் வரை சாதாரணம். அதைவிட ஆழமான பள்ளத்தின் அடிக்குக் கொப்பளிக்கும் மருந்து இறங்காது, இறுகிய காறையையும் கரைக்காது. அதற்குச் சுரண்டுவதுதான் வழி. இரண்டு வாரம் தாண்டித் தன்னிஷ்டப்படி தொடர்ந்தால் கறையோடு புதிய காறையும் படியும். சில வாரம் கழித்து டாக்டர் பள்ளத்தை மறுபடி அளப்பார். அந்த முறை தவறவிடாதீர்கள். HbA1c-ஐயும் (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு அழற்சி நீடித்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வர மறுக்கும்.

வெற்றிலை விஷயத்தில் கறை சின்னத் தொல்லை, பாக்குதான் பெரிய ஆபத்து: வாயைத் திறக்க முடியாதபடி இறுக்கும், புற்றுநோய்க்கும் வழி செய்யும். உம்மாவின் நடு மூன்று விரலை மேலும் கீழுமாக அடுக்கி அவர் வாய்க்குள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டாலோ, கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தாலோ, அதைத் தனியாக டாக்டரிடம் சொல்லுங்கள்.

கீழக்கரை_வாசி:
மூணு விரல் நுழையுது, அல்ஹம்துலில்லாஹ். பேஸ்ட் போட்ட கையோட கொப்பளிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. நோன்பு நேரத்துல இப்படி எழுதிக் கொடுத்தா என்ன செய்யறது?

தொண்டி_பார்மசிஸ்ட்:
நாலு நாளும் பாதி வீணாப் போயிருக்கு. அதுக்காக அளவைக் கூட்டாதீங்க, இன்னிக்கு ராத்திரியிலிருந்து இடைவெளி விட்டு ஆரம்பிங்க. முடிவுத் தேதியை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. நோன்புன்னா சஹர் சாப்பிட்டு பாங்குக்கு முன்னாடி ஒரு வேளை, ராத்திரி படுக்கும்போது ஒரு வேளை. இடைவெளி சமமா இருக்காது, ஆனா வேளை தவறாது. சஹர்ல அவசரமா அந்த ஒரு நிமிஷத்தைக் குறைச்சுடக்கூடாது, போன்ல டைமர் வைங்க. சர்க்கரை உள்ளவங்க நோன்பு பிடிக்கிறதைப் பத்தி சர்க்கரை டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிடணும், அது வேற விஷயம்.