"சட்டை போட்டுவிடுவினமாம்": தன்பால் திருமணம் பற்றிய 2017 ஆஸ்திரேலியத் தபால் வாக்கெடுப்பு, எங்கள் வீடுகளின் நினைவுகள்

வெண்ட்வொர்த்வில், சிட்னி:

2017 ஆகஸ்ட் கடைசி. அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "இந்தச் சட்டம் வந்தா பள்ளிக்கூடத்தில பெடியனுக்குச் சட்டை போட்டுவிடுவினமாம், உண்மையே?" (தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு குறிப்பு: எங்கள் இலங்கைத் தமிழில் சட்டை என்றால் பெண்பிள்ளைகள் போடும் கவுன்.) என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. அம்மா நடிக்கவில்லை, உண்மையாகவே பயந்துபோயிருந்தார்.

பயம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. தன்பால் திருமணத்தை எதிர்த்த 'கோயலிஷன் ஃபார் மேரேஜ்' அமைப்பின் முதல் டிவி விளம்பரம் அப்போதுதான் வந்திருந்தது. மூன்று தாய்மார் பேசுவார்கள். விரும்பினால் அடுத்த வருடம் கவுன் போட்டு வரலாம் என்று பள்ளியில் தன் மகனிடம் சொன்னதாக ஒருவர் சொல்வார். பள்ளி அதிபர் அதை மறுத்தார், ஆனால் மறுப்பை யார் பார்த்தது? தபாலில் வந்த படிவத்தில் இருந்தது ஒரே கேள்வி: தன்பால் இணையர் மணம் செய்ய ஏதுவாகச் சட்டத்தை மாற்ற வேண்டுமா? அதில் பள்ளிக்கூடம் என்ற சொல்லே இல்லை.

எதிர்த்தவர்கள் இதோடு முடிச்சுப்போட்ட 'சேஃப் ஸ்கூல்ஸ்' என்பது பிள்ளைகள் கேலிக்கும் அடிக்கும் ஆளாகாமல் இருக்க வந்த திட்டம், அதற்கும் கல்யாணச் சட்டத்துக்கும் தொடர்பில்லை என்று விளக்கினேன். "அப்ப ஏன் ரீவியில காட்டுறாங்கள்?" என்றார். பதில் இல்லை. பிறகு யெஸ் தரப்பு, அதாவது சட்டத்தை மாற்றக் கேட்டவர்கள், மருத்துவர் சங்க முன்னாள் தலைவர் டாக்டர் கெரின் ஃபெல்ப்ஸை வைத்து ஒரு பதில் விளம்பரம் போட்டது. அம்மா பார்த்துவிட்டு, "நல்லாக் கதைக்கிறா" என்றதோடு சரி. அந்த டாக்டரும் பிள்ளைகளைப் பற்றித்தானே பேச வேண்டியிருந்தது! அந்தச் சுற்றில் நோ தரப்பே ஜெயித்தது என்பது என் எண்ணம். பேச்சை அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு இழுத்தார்கள், எல்லாரும் பின்னாலேயே போனோம்.

மெல்பர்ன்:

எங்கள் வீட்டில் காரியத்தைக் கெடுத்தது யெஸ் தரப்பு. திடீரென்று ஒரு நாள் நாடு முழுக்க எஸ்எம்எஸ் அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்பாவுக்கும் வந்தது. அவர் பிஆர் (நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்) தான், குடியுரிமை இல்லை, அதனால் வாக்கும் இல்லை. "ஓட்டே இல்லாதவனுக்கு எதுக்குடா மெசேஜ்? என் நம்பரை யார் கொடுத்தா?" மூன்று நாள் இதே பேச்சு. அதுவரை அவருக்கு இந்த விஷயத்தில் எந்த அபிப்பிராயமும் கிடையாது. அப்புறம் யெஸ்காரர்கள் டிவியில் வந்தாலே "நம்பர் திருடனுங்க" என்று சேனலை மாற்றிவிடுவார்.

பிளாக்டவுன், சிட்னி:

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிட்னி வானத்தில் விமானப் புகையால் 'வோட் நோ' என்று எழுதினார்கள். நகரத்தில் இருந்தோம். "எதுக்கு நோ?" என்று மகள் கேட்டாள். நான் சொல்லி முடிப்பதற்குள் எழுத்து கலைந்துவிட்டது. இவ்வளவு செலவழித்து என்ன மாறியது? வாக்கெடுப்புக்கு முன் வந்த கணிப்புகளிலும், கடைசி முடிவைப் போலவே, ஆதரவு 60 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது.

பரமட்டா:

மேலே எழுதிய அண்ணாவுக்கு: நாட்டுக் கணக்கில் மாறாமல் இருக்கலாம். நாடு முழுக்க யெஸ் 61.6 சதவீதம். எங்கள் பரமட்டா தொகுதியில் நோ 61.6 சதவீதம். அப்படியே தலைகீழ். நோ ஜெயித்த 17 தொகுதிகளில் 12 சிட்னியில், அதிலும் பெரும்பாலானவை மேற்குப் பக்கம்.

நான் தன்பாலீர்ப்பாளன். வீட்டில் அப்போது யாருக்கும் தெரியாது. அந்த விளம்பரம் ஓடும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். உங்கள் வீட்டில் நடந்தது கொள்கை விவாதம். இங்கே என்னை ஒரு ஆபத்து என்று டிவி சொல்ல, அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். யெஸ் தரப்பின் விளம்பரங்களும் எங்களுக்கு உதவவில்லை. நான் பார்த்தவற்றில் எல்லாம் வெள்ளைக்காரக் குடும்பங்கள்தான். "அது அவங்க பிரச்சினை" என்று அம்மா சொல்ல அது வசதியாகப் போயிற்று.

அக்டோபரில் ஒரு காலை அப்பா தன் உறையை ஒட்டி என்னிடம் நீட்டினார். "போற வழியில பெட்டியில போட்டுடு." என் பையில் என்னுடைய உறையும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டேன். அவர் எதில் குறியிட்டார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

வெண்ட்வொர்த்வில்:

தம்பி, திறந்து பார்க்கத் தோன்றவில்லையா?

பரமட்டா:

தோன்றியது அக்கா. சிக்னல் வரைக்கும்.