நடு ஏரியில் நீருக்கடியில் ஒரு கற்குவை: கலைக்காமல் அளப்பது எப்படி?

கேள்வி: ஏரிக்கரைவாசி

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் பகுதி ஏரியில் சென்ற மாதம் ஆகாயத்தாமரையை அகற்றிக்கொண்டிருந்தபோது, படகைத் தள்ளிய மூங்கில் கழி ஓரிடத்தில் சேற்றில் இறங்காமல் ‘ணங்’கென்று கல்லில் மோதியது. சுற்றிலும் குத்திப் பார்த்ததில், ஏறத்தாழ இருபது தப்படி அகலத்துக்குக் கற்கள் வட்டமாகக் கிடப்பதாகத் தெரிகிறது. நண்பர் ஒருவர் வைத்திருக்கும் மீன் தேடும் கருவியிலும், மூன்று மீட்டர் ஆழத்தில் ஒன்றரை மீட்டர் உயர மேடு ஒன்று தெரிந்தது. நீர் கலங்கலாக இருப்பதால் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை.

அதற்குள் மூழ்கிய கோயில் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. இஸ்ரேலில் உள்ள கலிலேயக் கடல் என்ற நன்னீர் ஏரிக்கடியில் கண்டறியப்பட்ட கூம்புக் கற்குவியலைப் பற்றிய செய்தியை அனுப்பி, இதுவும் அதைப் போன்றதுதான் என்கிறார்கள் சிலர். ஒரு கல்லையும் நகர்த்தாமல் இதை முறையாக அளக்க என்ன வழி? இது மனிதர் குவித்ததா, இயற்கையானதா என்பதை அளவைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியுமா?

பதில் 1: துறைமுகத்து ஓய்வூதியர்

ஆழம் அளக்கும் படகில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மீன் தேடும் கருவி மேடு இருப்பதைச் சொல்லும். அதன் வடிவத்தைச் சொல்லாது. கலங்கல் நீரைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒலியை அனுப்பி எதிரொலியைக் கொண்டு அளக்கும் சோனாருக்கு அது பொருட்டல்ல. ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளை அனுப்பும் பலகற்றை சோனார் இவ்வளவு குறைந்த ஆழத்தில் ஒரு நடைக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் அகலத்தைத்தான் காட்டும் என்பதால், வாடகைக்கு ஏற்ற பலன் கிடைக்காது. இருபுறமும் ஒலியை வீசித் தரையைப் படமாக்கும் பக்கவாட்டு சோனாரே உங்களுக்குப் போதும். அதில் கல்லைவிடக் கல்லின் நிழல்தான் முக்கியம். கருவி ஏரித் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் போகும்போது, ஒரு கல்லின் நிழல் 3 மீட்டர் நீண்டு, கருவிக்கு நேர்கீழிருந்து 12 மீட்டர் தொலைவில் முடிகிறது என்றால், அந்தக் கல்லின் உயரம் அரை மீட்டர் (2 × 3 ÷ 12). கற்களை ஒவ்வொன்றாக இப்படிக் கணக்கிடலாம்.

ஆழத்தை ஒற்றைக் கற்றை எக்கோ சவுண்டர் கொண்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மீட்டர் இடைவெளியில் கோடு போட்டு எடுங்கள். தொடங்கும் முன், அளவு குறித்த சங்கிலியில் ஓர் இரும்புத் தட்டைக் கட்டிக் கருவிக்கு நேர்கீழே 1 மீட்டர், 2 மீட்டர் என்று இறக்கி, கருவியும் அதே எண்ணைக் காட்டுகிறதா என்று பாருங்கள். நன்னீரில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர்; நம் ஊர் வெயிலில் 30 டிகிரிக்குச் சூடான நீரில் சுமார் 1,510 மீட்டர். இதைத் திருத்தாமல் விட்டால் மூன்று மீட்டரில் ஆறு சென்டிமீட்டர் போய்விடும். இன்னொன்று, ஆழத்தை அன்றைய நீர்மட்டத்திலிருந்து எழுதி வைக்காதீர்கள். மழை வந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மதகின் அடிக்கல்லோடு இணைத்து எழுதுங்கள்.

பதில் 2: கல்வெட்டுப் பித்தன்

ஐயா சொன்னவற்றைச் செய்து முடித்தாலும் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை வராது. கலிலேயக் குவியலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் சோனாரில் அது தென்பட்டது. 2013-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அடிப்பகுதி 70 மீட்டர் விட்டம், உயரம் ஏறத்தாழ 10 மீட்டர், எடை சுமார் 60,000 டன் என்று எல்லாவற்றையும் கணக்கிட்டிருந்தும், யார், எப்போது, எதற்காகக் குவித்தார்கள் என்பது அளவுகளிலிருந்து கிடைக்கவில்லை.

விடை கற்களுக்கு அடியில் இருக்கிறது. கான்ஸ்டன்ஸ் ஏரியின் சுவிட்சர்லாந்துக் கரையோரம் 2015-இல் ஆழம் அளந்தபோது ஏறத்தாழ 170 கற்குவைகள் வரிசையாகத் தென்பட்டன. பனியாறு விட்டுச்சென்ற கற்களாக இருக்குமோ என்ற ஐயம் முதலில் இருந்தது. பெர்ன் பல்கலைக்கழகத்தினர் நீரின் மேலிருந்து தரை ஊடுருவும் ரேடாரைச் செலுத்திப் பார்த்ததில், ஏரி படியவைத்த வண்டல் அடுக்குகளுக்கு மேலே அந்தக் கற்கள் கிடப்பது தெரிந்தது. பனியாறு போன பிறகுதான் வண்டல் படிந்திருக்க வேண்டும். அதன் மேல் கல் கிடந்தால், அது மனிதர் கொண்டுவந்து போட்டது.

நீங்களும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: கற்கள் வண்டலுக்கு மேலே கிடக்கின்றனவா, வண்டலுக்குக் கீழே பழைய தரையோடு தொடர்கின்றனவா? நன்னீரில் ரேடார் வேலை செய்யும். ஆனால் நம் ஏரிகளின் களிமண் வண்டலுக்குள் அதன் அலை அதிக ஆழம் இறங்காது. மெல்லிய இரும்புக் கம்பியைக் குவையின் விளிம்புக்கு வெளியே மெதுவாக இறக்கி, சேற்றுக்கு அடியிலும் கல் தட்டுகிறதா என்று பார்ப்பதே எனக்கு நம்பகமாகப் படுகிறது.

பழைய தரையோடு தொடர்ந்தால், பல்லாவரம் மலையில் உள்ள அதே சார்னோக்கைட் பாறையாக இருக்கலாம். அது வெங்காயத் தோல் போல உரிந்து உரிந்து உருண்டைக் கற்களாக நிற்கும்; யாரோ அடுக்கியது போலவே இருக்கும். அல்லது, ஏரி வெட்டப்படுவதற்கு முன்பே அங்கிருந்த பெருங்கற்காலக் கல்வட்டமாகவும் இருக்கலாம், செங்கல்பட்டுப் பக்கம் அவை நிறைய உண்டு. மூன்றாவதாக, கரைக்கு அருகில் என்றால், ஏரி நீரைப் பாசனத்துக்குத் திறந்துவிடும் பழைய மதகான குமிழித் தூம்பை மறக்க வேண்டாம். இரண்டு கல் தூண்களும் குறுக்குப் பலகைக் கல்லும், அடியில் நீரோடித் துளையும் சேறோடித் துளையும் உள்ள தொட்டியும் சேர்ந்த அமைப்பு அது. இடிந்து சரிந்தால் கழிக்குக் கற்குவியலாகத்தான் படும். தூணில் எழுத்து இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லையே?

பதில் 3: வேளச்சேரி வாசகர்

மேட்டூர் அணையில் நீர் இறங்கினால் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி தானாகவே தெரிகிறது. உங்கள் ஏரியும் 2019 கோடையில் வறண்டிருக்கும்; அந்த ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளே கிட்டத்தட்டக் காலியாகக் கிடந்தன. சோனாருக்குப் பணம் கட்டும் முன், கூகுள் எர்த்தில் அந்தக் கோடையின் படத்தைத் திறந்து பாருங்கள். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. அண்மைக் காலத்தில் ஏரிகளைத் தூர்வாரும்போது பறவைகளுக்காகத் திட்டு அமைக்கிறார்கள். மண் கரைந்துபோய், அடியில் போட்ட கட்டட இடிபாடு மட்டும் மிஞ்சியிருக்கலாம்.

ஏரிக்கரைவாசி (கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. கரையிலிருந்து முந்நூறு மீட்டருக்கும் அதிகம் என்பதால் குமிழித் தூம்பாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று நினைக்கிறேன். 2019 படத்தைப் பார்த்தேன். வெடித்த சேற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் வட்டம் தெரிகிறது. எங்கள் ஏரியைத் தூர்வாரியது அதற்குப் பிறகுதான். ஆகவே பறவைத் திட்டு இல்லை. ஆனால் வட்டத்தின் மேற்கு விளிம்பு மட்டும் ஒரு பக்கமாக நீண்டு போகிறது. பாறை முகடு போலவும் தோன்றுகிறது.

கம்பி இறக்குவதற்கும் நீர்வளத்துறையின் அனுமதி வேண்டும் என்பதால் முதலில் அவர்களுக்கும், நகலைத் தொல்லியல் துறைக்கும் எழுதுகிறேன். அந்த மேற்கு விளிம்பில்தான் முதல் கம்பியை இறக்கக் கேட்கப்போகிறேன்.