கிம்ப்பில ஹீல் ரூல் வேலை செய்யுதில்லை: பெரியம்மான்ர கலியாணப் படம், உதவி வேணும்

பாலைநிழல் (விசுவமடு)

எல்லாருக்கும் வணக்கம். கிம்ப் எண்ட படம் திருத்திற மென்பொருளைப் பழகத் தொடங்கி ரெண்டு மாசம்தான். இதுவரைக்கும் செய்ததெல்லாம் பூப்படம், எங்கட ஆட்டுக்குட்டி எண்டு விளையாட்டு வேலை. இப்ப கையில வந்திருக்கிறது விளையாட்டில்லை.

பெரியம்மான்ர கலியாணப் படம். 1986 இல எடுத்தது, கலர், மூண்டரைக்கு அஞ்சு அங்குலம். 2009 இல சண்டைக்குள்ள இங்க இருந்து வெளிக்கிட்ட நேரம், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரத்தோட ஒரு சொப்பிங் பாக்குக்குள்ள சுத்தி இடுப்பில கட்டினவ. சுதந்திரபுரம், மாத்தளன், பேந்து செட்டிகுளம் முகாம் வரைக்கும் அது அவவோடயே போனது. முகாமால வந்தபிறகு ஆரோ லேமினேற் பண்ணிக் குடுத்திருக்கினம். படத்தில நடுவால மடிஞ்ச கோடு ஒண்டு, அது பெரியப்பான்ர வலக் கன்னத்தால இறங்குது. ஒரு பக்கம் தண்ணி ஊறின மஞ்சள் கறை. அவரின்ர முகமெல்லாம் பூஞ்சணப் புள்ளி. இடக்கண் இருந்த இடத்தில படத்தின்ர மேல்தோல் உரிஞ்சு வெள்ளையாக் கிடக்கு. பெரியப்பா 2009 மாசியில போயிட்டார். அவரின்ர படம் எண்டு வேற ஒண்டும் இல்லை. ஆவணியில கடைசி மகளுக்குக் கலியாணம். மணவறைக்குப் பக்கத்தில தகப்பன்ர படம் வைக்கவேணும் எண்டு கேக்கினம்.

பிரச்சினை இதுதான். ஹீல் ரூலை (பழுதை ஆத்திற கருவி) எடுத்து, கொன்ரோலை அமத்திக்கொண்டு நல்ல தோலில கிளிக் பண்ணி, புள்ளிக்கு மேல தேய்க்கிறன். ஒண்டும் நடக்குதில்லை. பிழை எண்டு ஒரு செய்தியும் வருகுதில்லை. முந்தநாள் ஆட்டுக்குட்டிப் படத்தில இதே ரூல் வேலை செய்தது. லாப்டொப் பழசு, கிம்ப் 2.10. படத்தை இரவு போனால எடுத்தனான்.

கணுக்கேணிப் பெடியன்

அக்கா, எங்கயோ ஒரு செலெக்சன் (தெரிவு செய்த பகுதி) விட்டுப்போயிருக்கும். செலெக்சன் இருந்தா அதுக்கு வெளியில எந்த ரூலும் பிடிக்காது. கொன்ரோல், ஷிப்ட், ஏ மூண்டையும் சேத்து அமத்திப் பாருங்கோ. எனக்கு முதல் மாசம் முழுக்க இதே வில்லங்கம்தான்.

பாலைநிழல்

செய்து பாத்தன் தம்பி. அப்பவும் இல்லை.

முத்தையன்கட்டு வாய்க்கால்

தங்கச்சி, லேயர் (ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிற படத்தட்டு) பெட்டியில மேல இருந்து கீழ என்னென்ன கிடக்கு? எதில நிக்கிறியள்? அதை எழுதுங்கோ, மிச்சம் பிறகு பாப்பம்.

பாலைநிழல்

மேல ஒரு புது லேயர், வெறுமையா, கட்டம் கட்டமாத் தெரியுது. கீழ படம். மேல இருக்கிறதில நிக்கிறன். மூலப் படம் பழுதாகாமல் இருக்க எப்பவும் புது லேயரில வேலை செய்யவேணும் எண்டு ஒரு வீடியோவில சொன்னவை.

முத்தையன்கட்டு வாய்க்கால்

அதுதான் காரணம். வீடியோவில சொன்ன நோக்கம் சரி, ஆனா ஹீல் ரூலுக்கு அது பொருந்தாது.

க்ளோன் ரூல் வெறுமனே ஒரு இடத்தில இருந்து அள்ளி இன்னொரு இடத்தில பூசும். ஹீல் அப்பிடியில்லை. நீங்கள் அள்ளின தோலின்ர நெய்வை, அதாவது மேற்பரப்பின்ர நுணுக்கத்தை எடுத்து, தேய்க்கிற இடத்தில ஏற்கெனவே இருக்கிற நிறத்தோடயும் வெளிச்சத்தோடயும் இணக்கிப் பாக்கும். வெறும் லேயரில அள்ளவும் ஒண்டுமில்லை, இணக்கவும் ஒண்டுமில்லை. அதுதான் சத்தமில்லாமல் நிக்குது.

வெறும் லேயரை அழியுங்கோ. பட லேயரைத் தெரிவு செய்து கொன்ரோல், ஷிப்ட், டி. அப்ப அதே படம் இன்னொரு பிரதியா மேல வரும். அந்தப் பிரதியில ஹீல் பண்ணுங்கோ, மூலம் கீழ பத்திரமா இருக்கும். வெறும் லேயரிலதான் செய்யவேணும் எண்டா க்ளோன் ரூலை எடுத்து, கீழ இருக்கிற ஒப்சனில ஸாம்பிள் மேர்ஜ்ட் எண்டதுக்குச் சரி போடுங்கோ, அப்ப கீழ இருக்கிற லேயரில இருந்தும் அள்ளும்.

இன்னொண்டு. ஹீலை முகத்தின்ர விளிம்புக்குக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ. தலைமயிரும் நெத்தியும் சந்திக்கிற இடத்தில, வேட்டிக் கரையில, கறுப்பை இழுத்து அழுக்காக்கிப்போடும். அந்த இடங்களுக்கு க்ளோன்தான்.

பாலைநிழல்

வேலை செய்யுது அண்ணை! நெத்தியில இருந்த புள்ளி பத்துப் பன்னிரண்டு போயிட்டுது. கோவிக்காதேங்கோ, இன்னும் கேக்கக் கிடக்கு. மடிப்புக் கோட்டில ஹீல் பண்ணினா கன்னம் மெழுகு பூசினமாதிரி வருது. முகம் முழுக்கச் செம்மஞ்சளாக் கிடக்கு, அதை எப்பிடி எடுக்கிறது?

பழைய நெகடிவ் (கிளிநொச்சி)

பிள்ளை, நான் 1983 இல இருந்து ஸ்ரூடியோ இருட்டறையில வேலை செய்தவன். கிம்ப் பழகினது அறுபது வயசுக்குப் பிறகு. ஒரு ஒழுங்கில சொல்லுறன், அந்த ஒழுங்கிலயே செய்யுங்கோ.

முதல், செய்த வேலையை ஒதுக்கி வைச்சிட்டுப் படத்தைத் திரும்ப எடுங்கோ. இரவில ரியூப் லைற்றுக்குக் கீழ போனால எடுத்தா லேமினேற்றின்ர மினுக்கம் முகத்தில விழும், அதைப் பேந்து எந்த ரூலாலயும் எடுக்கேலாது. லேமினேற்றை உரிக்கவே உரிக்காதேங்கோ, மிச்ச முகமும் அதோட வந்திடும். கொமினிகேசன் கடையில ஸ்கானர் இருந்தா 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) எண்டு கேட்டு எடுப்பியுங்கோ. மூண்டரைக்கு அஞ்சு அங்குலப் படம் அப்ப 2100க்கு 3000 புள்ளி வரும். அதை 300 இல பிறிண்ட் பண்ணினா ஏழுக்குப் பத்து அங்குலம், மணவறைக்குக் காணும். ஸ்கானர் இல்லாட்டி காலமை விறாந்தை நிழலில, பிளாஷ் இல்லாமல், போனுக்குப் பின்னால ஒரு கறுப்புத் துணியைப் பிடிச்சுக்கொண்டு எடுங்கோ. துணி மினுக்கத்தை விழுங்கும்.

அடுத்தது நிறம். அந்தக் காலக் கலர்ப் படத்தில சயன் (பச்சை கலந்த நீலம்), மஜென்ரா (ஊதாச் சிவப்பு), மஞ்சள் எண்டு மூண்டு சாயம். பெட்டிக்குள்ள இருட்டில வைச்சிருந்தாலும் பெரும்பாலும் முதல் மங்கிறது சயன். நீலச்சாயல் போனா மிஞ்சிறது செம்மஞ்சள். கலர்ஸ் மெனுவில லெவல்ஸைத் திறவுங்கோ. மேல சனல் எண்ட இடத்தில சிவப்பு, பச்சை, நீலம் எண்டு ஒவ்வொண்டா மாத்தி, கீழ வரைபடத்தில தெரியிற மேட்டின்ர தொடக்கத்துக்கும் முடிவுக்கும் முக்கோணங்களைத் தள்ளிக் கொண்டு வாங்கோ. மூண்டும் முடிய நிறம் பாதி திரும்பிவிடும். பேந்து அங்கயே நடுவில இருக்கிற சாம்பல் நிறம் தொடுகிற துளிக்குழாயை எடுத்து, நிறமே இருக்கக்கூடாத ஒரு இடத்தைத் தொடவேணும். ஆக்கள் வேட்டியைத் தொடுவினம், அது பிழை. பட்டு வேட்டி வெள்ளையில்லை, சந்தன நிறம், அதைத் தொட்டா முகம் நீலிச்சுப் போகும். மாப்பிள்ளையின்ர நெத்தியில விபூதி இருக்குமே? அதைத் தொடுங்கோ. எங்கட கலியாணப் படங்களுக்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

மடிப்புக்கு வேவ்லெற் டிகொம்போஸ். பில்டர்ஸில என்ஹான்ஸுக்குள்ள இருக்கு. அது படத்தை அஞ்சு நெய்வுத் தட்டாவும், அடியில நிறம் மட்டும் உள்ள ஒரு தட்டாவும் பிரிச்சுத் தரும். மடிப்புக் கோடு மேல இருக்கிற நுண் தட்டுகளில கிடக்கும், அங்க பக்கத்துத் தோலை க்ளோன் பண்ணுங்கோ. தண்ணிக் கறை அடித் தட்டில கிடக்கும். அங்க கறையைச் சுத்தி வளைச்சு, ஓரத்தை 30 புள்ளிக்கு மென்மையாக்கி, பக்கத்து நிறத்தை மெதுவா ஏத்துங்கோ. நெய்வும் நிறமும் தனித்தனியா நிக்கிறதால கன்னம் மெழுகாகாது. பொறுமை வேணும். ஒரு கன்னத்துக்கு ஒரு பின்னேரம் போகும்.

கணுக்கேணிப் பெடியன்

இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை அக்கா. போனில இப்ப செயற்கை நுண்ணறிவு ஆப் இருக்கு. போட்டா ஒரு நிமிசத்தில கண்ணும் வந்திடும். நானும் ஒண்டு செய்து அனுப்பியிருக்கிறன், பாருங்கோ.

பாலைநிழல்

தம்பி, நீங்கள் அன்பில செய்ததுக்கு நன்றி. அதைப் பெரியம்மாட்டக் காட்டினன். கனநேரம் பாத்தா. "ஆர் இந்தப் பெடியன்?" எண்டு கேட்டா. நான் ஒண்டும் சொல்லேல்லை. பேந்து அவவே சொன்னா, பெரியப்பாக்குச் சின்னனில மாட்டுக் கொம்பு பட்டு இடக்கண் இமை கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்ததாம். எனக்கு அது தெரியாது. நான் அவரைக் கண்டது சின்னப் பிள்ளையில.

கணுக்கேணிப் பெடியன்

மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நான் அப்பிடி யோசிக்கேல்லை.

முத்தையன்கட்டு வாய்க்கால்

வலக்கண்ணைப் பிரதி எடுத்து, திருப்பிப் போட்டுப் பாக்கலாம் எண்டு எழுத வந்தனான். இமைக் கதையைக் கேட்டபிறகு அதுவும் சரிவராது.

பழைய நெகடிவ்

சரிவராதுதான். இமை ஒரு பக்கம், வெளிச்சம் இன்னொரு பக்கம். ஸ்ரூடியோ லைற் ஒரு பக்கத்தால விழும். திருப்பிப் போட்ட கண்ணில மினுக்கம் மாறி நிக்கும், முகம் இருப்புக் கொள்ளாது.

தம்பி, உம்மில கோவமில்லை. ஆனா ஒண்டைச் சொல்லவேணும். அந்த ஆப்புகள் உங்கட படத்துக்குள்ள இருந்து கண்ணைத் தேடி எடுக்கிறதில்லை. ஆயிரமாயிரம் வேற முகங்களைப் பாத்துப் பழகி, இந்த இடத்தில கண் எண்டா இப்பிடித்தான் இருக்கும் எண்டு புதுசா ஒண்டைச் செய்து வைக்கும். பூவுக்கோ மதிலுக்கோ செய்தா ஆருக்கும் நட்டமில்லை. இங்க நிலைமை வேற. இங்க கனபேருக்கு ஒரே ஒரு படம்தான் மிஞ்சியிருக்கு. அதில மாத்தினா, நாளைக்குப் பேரப்பிள்ளையள் அந்த மாத்தின முகத்தைத்தான் தாத்தா எண்டு நினைப்பினம். நெகடிவில பென்சிலால ரச்சிங் (திருத்த வேலை) செய்யிற காலத்திலயும் என்ர முதலாளி சொல்லுவார், பருவை எடு, மச்சத்தைத் தொடாதே எண்டு. கடதாசிக்கு வந்த காயத்தைத்தான் நாங்கள் ஆத்தலாம்.

பிள்ளை, அந்த வெள்ளையை அப்பிடியே விடவும் வேண்டாம், பாக்கிற ஆளின்ர கண் அங்கயே போய் நிக்கும். ஒரு வெறும் லேயர் போட்டு, கண்குழியின்ர நிழல் நிறத்தைத் துளிக்குழாயால எடுத்து, மென்மையான தூரிகையில ஒப்பாசிற்றி (நிறத்தின்ர அடர்த்தி) 15 அளவில வைச்சு, கொஞ்சம் கொஞ்சமா வெள்ளையை அடக்குங்கோ. கண் வரையாதேங்கோ. நிழல் விழுந்தமாதிரி இருந்தாப் போதும். வெளிநாட்டில சொந்தம் ஆராட்டையும் பழைய அல்பம் இருக்கோ எண்டும் கேளுங்கோ. கூட்டமா நிண்டு எடுத்த படத்தில ஒரு மூலையில நிண்டாலும் காணும்.

பாலைநிழல்

ஒன்பது நாளுக்குப் பிறகு எழுதுறன். ஸ்கான் புதுக்குடியிருப்பில எடுத்தது. விபூதியைத் தொட்டவுடன பெரியம்மான்ர கூறை சிவப்பாத் திரும்பினதைப் பாத்து நானே எழும்பி நிண்டிட்டன். மடிப்புக்கு மூண்டு பின்னேரம் போனது. கண்ணை நீங்கள் சொன்ன மாதிரியே நிழலா அடக்கியிருக்கிறன்.

ரெண்டு சின்னச் சிக்கல். பிறிண்ட் பண்ணக் கொண்டு போன கடையில பைல் திறக்குதில்லை. மற்றது, கீழ பேரும் 1986 எண்டும் எழுதப் பாத்தன். பாமினி எழுத்துருவைத் தெரிவு செய்தாலும் வேற ஏதோ எழுத்துருவிலதான் வருது.

முத்தையன்கட்டு வாய்க்கால்

சேவ் குடுத்திருப்பியள். அது கிம்ப்பின்ர சொந்தக் கோப்பான எக்ஸ்சிஎஃப் ஆத்தான் சேமிக்கும். கலிபோர்னியாவில பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில கிம்ப்பை எழுதின ரெண்டு மாணவரும் இருந்த கொம்பியூட்டர் கழகத்தின்ர பேர் அது, 1996 இல முதல் வெளியீடு வந்த காலத்துக் கதை. அந்தக் கோப்பைக் கட்டாயம் வைச்சிருங்கோ, லேயர் எல்லாம் அதுக்குள்ளதான். கடைக்கு பைல் மெனுவில எக்ஸ்போர்ட் ஆஸ் போய், பேருக்குப் பின்னால ஜேபெக் எண்டு மாத்தி, தரம் 95 வைச்சுக் குடுங்கோ.

பாமினி யூனிக்கோட் (எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறை) இல்லை. இங்கிலீஸ் எழுத்துகளின்ர இடத்தில தமிழ் வடிவத்தை ஏத்தி வைச்சது. நீங்கள் யூனிக்கோடில அடிக்கிறியள், அந்த எழுத்து பாமினிக்குள்ள இல்லாததால கிம்ப் வேறொண்டை எடுத்துப் போடுது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், அதைப் போடுங்கோ. கிம்ப் திறந்து கிடக்கேக்க நிறுவினா, எழுத்துருப் பெட்டியில இருக்கிற சுழல் அம்புக்குறியை ஒருக்கா அமத்தவேணும்.

பாலைநிழல்

ரெண்டும் சரி அண்ணை. ஏழுக்குப் பத்தில பிறிண்ட் வந்திட்டுது. பெரியம்மா சீலைத் தலைப்பால கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு, "இப்ப அவர்தான்" எண்டா. கனடாவில இருக்கிற சித்தப்பா பழைய அல்பத்தைப் பாத்துச் சொல்லுறன் எண்டிருக்கிறார். கண் கிடைச்சா திரும்ப வருவன், அதுக்குத்தான் எக்ஸ்சிஎஃப்பை ரெண்டு பென் டிரைவில வைச்சிருக்கிறன்.

இப்ப பக்கத்து வீட்டு அம்மா ஒராள் ஒரு படம் கொண்டு வந்து தந்திருக்கிறா. பிறேம் கண்ணாடியோட ஒட்டிப்போன படம். கண்ணாடியை எடுக்காமல் ஸ்கானரில வைக்கலாமோ? கணுக்கேணித் தம்பி, நீங்களும் வாறதெண்டா சனிக்கிழமை வாங்கோ, வேவ்லெற்றை இருந்து காட்டித் தாறன்.

பழைய நெகடிவ்

கண்ணாடியோட வைக்கலாம், எடுக்காதேங்கோ. ஸ்கானர் தெளிவில்லாமல் காட்டினா விறாந்தையும் கறுப்புத் துணியும்தான். சனிக்கிழமை நானும் வாறன், துணி என்னட்ட இருக்கு.

கணுக்கேணிப் பெடியன்

வாறன் அக்கா. எங்கட அம்மம்மான்ர படமும் ஒண்டு கிடக்கு.