அம்மாவின் ஏடிஎம் கார்டு அடுத்த மாதத்தோடு முடிகிறது, புதுசு இன்னும் வரவில்லை

செக்கானூரணிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மாவின் டெபிட் கார்டில் 11/25 என்று போட்டிருக்கிறது. நவம்பர் 1ஆம் தேதியே செத்துப் போகுமா, இல்லை மாதக் கடைசி வரை ஓடுமா? போன வாரம் செக்கானூரணி ஏடிஎம்மில் பணம் எடுக்கப் போனபோது பின்னால் நின்ற ஒருவர் கார்டைப் பார்த்துவிட்டு, "தேதி முடிஞ்சா அக்கவுண்டே லாக் ஆயிரும், உள்ள இருக்கிறத இப்பவே எடுத்துருங்க"ன்னு சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் இந்தக் கணக்கில்தான் மாதாமாதம் 15ஆம் தேதி வாக்கில் விழுகிறது, நூறு நாள் வேலைச் சம்பளமும் இதில்தான். அதுவும் நின்றுவிடுமோ என்று பயம்.

இதில் இன்னொரு சிக்கல். கணக்கு தொடங்கியது நாங்கள் மதுரை வில்லாபுரத்தில் வாடகைக்கு இருந்த காலத்தில். அப்பா தவறிய பிறகு அம்மா கருமாத்தூர் பக்கம் பாட்டி ஊருக்கே போய்விட்டார். பேங்கில் முகவரி அந்தப் பழைய வில்லாபுரம் வீடுதான். போன் நம்பர் அண்ணனுடையது, அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். புதுக் கார்டு தானாக வருமா, நாம் போய்க் கேட்க வேண்டுமா, பழைய பின் நம்பரே ஓடுமா, காசு பிடிப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_காசாளர்:

முதலில் அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள். கார்டு வேறு, கணக்கு வேறு. கார்டு என்பது சாவி மாதிரி. சாவி தேய்ந்துவிட்டது என்பதற்காக பீரோவில் இருக்கும் பணம் எங்கும் போகாது. காலாவதியான பிறகும் பணம் உள்ளே வரும், வட்டி ஏறும், உரிமைத் தொகையும் நூறு நாள் சம்பளமும் வழக்கம்போல விழும். கார்டை வைத்து எடுக்கத்தான் முடியாது. பாஸ்புக்கைக் கொண்டுபோய் கிளையில் பணம் எடுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தால் கவுண்டரில் கொடுப்பார்கள். ஏடிஎம் வருவதற்கு முன்னால் ஊரே அப்படித்தானே எடுத்தது.

11/25 என்றால் நவம்பர் 30 இரவு வரை ஓடும். மாதமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்தான் கணக்கு. ஆனால் ஒன்று, சில வங்கிகளில் புதுக் கார்டை இயக்கிய உடனே பழையதை முடக்கிவிடுவார்கள். அதனால் புதுசு கைக்கு வந்தபின் பழையதை வைத்துக்கொண்டு மாதக் கடைசி வரை ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

தேதி எதற்கு என்று என்னிடம் கவுண்டரில் கேட்காதவர்கள் கிடையாது. பிளாஸ்டிக்கும் சிப்பும் தேயும், அது ஒன்று. அதைவிட, பாதுகாப்பு முறைகள் மாறிக்கொண்டே இருக்கும். முன்பு வெறும் கறுப்புப் பட்டை வைத்த கார்டுகள்தான் இருந்தன. அதை நகலெடுத்துத் திருடுவது சுலபம் என்பதால் 2018 கடைசியோடு அவற்றை மாற்றிவிட்டு சிப் வைத்த கார்டு கொடுக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. தேதி என்று ஒன்று இருந்தால்தான் பழைய சரக்கு தானாகக் கழிந்து புதுசு வரும். பின்னால் இருக்கும் மூன்று இலக்க சிவிவி கூட கார்டு எண், காலாவதித் தேதி, இன்னும் ஒரு குறியீடு எல்லாவற்றையும் வங்கியின் ரகசியக் குறியாக்கத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு வருவது. எனவே புதுக் கார்டில் 16 இலக்க எண் அதே எண்ணாக இருந்தாலும் தேதியும் சிவிவியும் மாறியிருக்கும். பல வங்கிகள் எண்ணையே மாற்றிவிடுகின்றன.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினை. தேதி இல்லை, முகவரியும் போன் நம்பரும். பெரும்பாலான வங்கிகள் தேதி முடிவதற்குச் சில வாரங்கள் முன்பே புதுக் கார்டைத் தாங்களே அனுப்பும், கணக்கும் கார்டும் புழக்கத்தில் இருந்தால். அதை எங்கே அனுப்பும்? வில்லாபுரத்துக்கு. அனுப்பிய தகவல் எங்கே போகும்? உங்கள் அண்ணன் போனுக்கு. கார்டு கையில் கிடைத்து ஏடிஎம்மில் புது பின் போடப் போனால் அந்த ஓடிபியும் திருப்பூருக்குத்தான் போகும். முன்பு பின் நம்பரைத் தனி உறையில் தபாலில் அனுப்புவார்கள், இப்போது பெரும்பாலும் அது இல்லை. பழைய பின் தொடருமா என்பது வங்கிக்கு வங்கி மாறும், புதுசாகப் போட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போங்கள்.

ஆகவே அம்மாவையே நேரில் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போங்கள். ஆதார், பாஸ்புக், பழைய கார்டு மூன்றும் கையில் இருக்கட்டும். முகவரி மாற்றம், போன் நம்பர் மாற்றம் இரண்டுக்கும் படிவம் கொடுத்துவிட்டு, கார்டு அனுப்பியாகிவிட்டதா என்று கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் புது முகவரி ஏறிய பிறகு அனுப்பச் சொல்லுங்கள். வரிசையை மாற்றிப் போட்டுவிடாதீர்கள், முகவரி ஏறுவதற்கு முன் கார்டு கேட்டால் அது மறுபடி வில்லாபுரம் போகும்.

மேலூர்_மைனர்:

அக்கா, இவ்வளவு அலைச்சல் எதுக்கு? கார்டே வேண்டாம். ஊருக்கு வருகிற தபால்காரரிடமே ஆதார் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம், எந்த வங்கிக் கணக்கு என்றாலும் ஆதார் இணைத்திருந்தால் போதும். எங்கள் அப்பத்தா அப்படித்தான் எடுக்கிறது. கார்டு வைத்திருந்தால் வருஷத்துக்கு வருஷம் கட்டணம், அதுக்கு மேல் 18% ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையில் அதுவும் போனால் என்ன மிஞ்சும்?

கருவேலங்காடு:

மைனர் தம்பி சொல்வது பாதி சரி. கைரேகையில் எடுக்கலாம்தான். ஆனால் நூறு நாள் வேலையும் களை வெட்டும் செய்கிற கைகளில் ரேகை தேய்ந்து போயிருக்கும், மிஷின் இரண்டு மூன்று தடவை வைத்தாலும் எடுக்காது, அப்புறம் அந்த ஆள் "நாளைக்கு வாம்மா" என்று போய்விடுவார். எங்கள் ஊரில் இது தினசரி நடக்கிறது. இன்னொன்று, கைரேகை வைத்தபிறகு ரசீது வாங்காமல் வரக் கூடாது. எவ்வளவு எடுத்தார்கள் என்று படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் ஒரே பிடி. கார்டும் இருக்கட்டும், கைரேகையும் இருக்கட்டும் என்பது என் கட்சி.

கட்டணத்துக்கு வழி இருக்கிறது. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு, குறைந்தபட்ச இருப்பு வேண்டாத கணக்கு, ஜன்தன் கணக்கும் அந்த வகைதான். அதற்கு ஏடிஎம் கார்டை இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும், வருஷக் கட்டணம் கூடாது. அம்மாவின் கணக்கு எந்த வகை என்று பாஸ்புக் முதல் பக்கத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் கிளையில் கேட்டு மாற்றச் சொல்லுங்கள். சாதாரணக் கணக்காகவே இருந்தாலும், தேதி முடிந்து மாற்றித் தருவதற்கு அநேகமாகத் தனிக் காசு வாங்குவதில்லை. தொலைத்துவிட்டு வேறு கேட்டால்தான் பிடிப்பார்கள்.

செக்கானூரணிக்காரி:

ரொம்ப நன்றி அண்ணே, எல்லோருக்கும்தான். பெரியவர் சொன்னதைப் படித்ததும் அண்ணனுக்குப் போன் போட்டு மெசேஜ் எல்லாம் தேடச் சொன்னேன். விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்திருக்கிறது! புதுக் கார்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியாகிவிட்டது என்று செப்டம்பர் கடைசியிலேயே வந்திருக்கிறது, கண்காணிப்பு எண்ணோடு. அதைப் போட்டுப் பார்த்தால் "கதவு பூட்டியிருந்தது", அப்புறம் "அனுப்பியவருக்கே திருப்பப்பட்டது" என்று காட்டுகிறது. இப்போது அந்தக் கார்டு யார் கையில் இருக்கும்? யாராவது எடுத்துப் பயன்படுத்தினால்?

பழைய_காசாளர்:

நல்லதுதான், திரும்பிப் போனதே நல்லது. திரும்பி வந்த கார்டுகளைச் சில வங்கிகள் கணக்கு இருக்கும் கிளைக்கு அனுப்பி வைக்கும், அங்கே ஒரு பதிவேட்டில் எழுதிப் பூட்டி வைத்திருப்பார்கள். ஆள் வராவிட்டால் கொஞ்ச காலம் கழித்து அழித்துவிடுவார்கள். சில வங்கிகளில் அது தலைமை இடத்துக்கே போய் அழிந்துவிடும். அதனால் கருமாத்தூர் பக்கம் இருக்கிற கிளையில் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, கணக்கு தொடங்கிய மதுரைக் கிளைக்கே போங்கள். இருந்தால் அடையாளம் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அங்கேயே கொடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால், பெயர் அச்சிடாத கார்டு கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள், பல கிளைகளில் அன்றைக்கே கொடுப்பதுண்டு. பெயர் இல்லையே என்று அம்மா தயங்கலாம், ஏடிஎம்முக்குப் பெயர் தேவையில்லை.

யாராவது எடுத்திருந்தால் என்ற பயம் வேண்டாம். பின் போடாத கார்டில் ஏடிஎம்மில் எதுவும் எடுக்க முடியாது. அதோடு 2020 மார்ச் 16இல் இருந்து புதிதாகக் கொடுக்கிற, மாற்றிக் கொடுக்கிற எந்தக் கார்டும் உள்நாட்டு ஏடிஎம், கடையில் செருகும் மிஷின் இரண்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். இணையத்தில் வாங்குவது, வெளிநாடு, தட்டிவிட்டுப் போகும் முறை எல்லாம் மூடியே இருக்கும். நீங்களாகக் கேட்டுத் திறந்தால்தான் உண்டு. உங்கள் அம்மாவுக்குத் தேவையில்லை, மூடியே இருக்கட்டும்.

கிளைக்குப் போகும்போது திங்கள் காலையும் மாத முதல் வாரமும் தவிருங்கள். ஓய்வூதியக் கூட்டம் நிற்கும், யாரும் உங்களை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நானே அப்படி இருந்தவன்தான்.

டவுன்ஹால்_ரோடு_கடை:

என் கேள்வி வேறு, ஆனால் இதே சங்கதி என்பதால் இங்கேயே கேட்கிறேன், திரியைக் கடத்துகிறேன் என்று திட்ட வேண்டாம். என் கார்டும் இந்த டிசம்பரில் முடிகிறது. கடை ஜிபே எல்லாம் அந்தக் கணக்கில்தான். வண்டி லோன் தவணையும் அதில்தான். கார்டு மாறினால் எதெல்லாம் நிற்கும்?

கருவேலங்காடு:

ஜிபே நிற்காது. யுபிஐ என்பது கணக்கோடு சேர்ந்தது, முதல் தடவை பின் போடும்போது மட்டும்தான் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் தேதியும் கேட்கும். கார்டு முடிந்த பிறகும் பழைய யுபிஐ பின் அப்படியே ஓடும். ஆனால் அந்த நேரம் பார்த்து பின் மறந்துபோனாலோ போனை மாற்றி மறுபடி பின் போடச் சொன்னாலோ, கையில் உயிருள்ள கார்டு வேண்டும். இல்லாவிட்டால் ஆதார் ஓடிபி வழி இருக்கிறது, ஆதாரிலும் வங்கியிலும் ஒரே போன் நம்பர் இருந்தால்.

லோன் தவணையும் நிற்காது, அது கணக்கிலிருந்து நேரே பிடிப்பது, கார்டைச் சீண்டாது. நிற்பது எது என்றால் கார்டு எண் கொடுத்து மாதாமாதம் பிடிக்கச் சொன்னவை. படம் பார்க்கிற ஆப், கிளவுட் இடம், சில இன்சூரன்ஸ். புதுக் கார்டு வந்ததும் ஒவ்வொன்றிலும் போய் மறுபடி பதிய வேண்டும். 2022 அக்டோபரில் இருந்து கடைக்காரர்கள் நம் கார்டு எண்ணையே வைத்திருக்கக் கூடாது, அதற்குப் பதில் ஒரு டோக்கன்தான் வைத்திருப்பார்கள். அது பழைய கார்டுக்கு உரியது, ஆகவே சாப்பாடு ஆர்டர் பண்ணுகிற ஆப்பில்கூட "கார்டு செல்லாது" என்று வரும். பதறாமல் புதுக் கார்டைச் சேர்த்து ஓடிபி போட்டால் சரி. இன்சூரன்ஸ் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள் அண்ணே, படம் நின்றால் படம்தான் போகும், பாலிசி நின்றால் கதை வேறு.

மல்லிச்சந்தை_மாரி:

இந்தத் திரியில் யாரும் இன்னும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். "உங்கள் ஏடிஎம் கார்டு காலாவதி ஆகிறது, புதுப்பிக்க 16 நம்பரைச் சொல்லுங்கள்" என்று போன் வரும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கிறது, விடியற்காலை ஏலம் சூடாக நடக்கும்போது கூப்பிடுவான், அப்போதுதான் யோசிக்க நேரம் இருக்காது. கார்டு புதுப்பிக்க எந்த வங்கியும் போனில் நம்பரோ சிவிவியோ ஓடிபியோ கேட்காது, லிங்க் அனுப்பி ஆப் இறக்கச் சொல்லாது. அக்கா, அம்மாவுக்கு மட்டும் இல்லை, திருப்பூரில் இருக்கிற அண்ணனுக்கும் சொல்லி வையுங்கள், ஓடிபி அவர் போனுக்குத்தானே இன்னும் போகிறது.

பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும், 1930 என்கிற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் போன் அடிக்க வேண்டும். ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் நம் தலையில்தான், சொன்ன பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. அதனால் நிமிஷக் கணக்கு.

செக்கானூரணிக்காரி:

கார்டு கிடைத்துவிட்டது! மதுரைக் கிளையில்தான் பூட்டி வைத்திருந்தார்கள். முகவரிக்கும் நம்பருக்கும் படிவம் கொடுத்தாகிவிட்டது, என் நம்பரைப் போட்டிருக்கிறேன். நம்பர் ஏறியதும் ஏடிஎம்மில் பின் போட வேண்டியதுதான் பாக்கி. பழைய கார்டை என்ன செய்வது? அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கப் போகிறேன் என்கிறார்.

பழைய_காசாளர்:

புதுக் கார்டில் பின் போட்டு ஒரு நூறு ரூபாயாவது எடுத்துப் பாருங்கள். வந்ததும் பழையதைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள், சிப் இரண்டாகப் போக வேண்டும், பின்னால் இருக்கும் பட்டையும் துண்டாக வேண்டும். துண்டுகளை ஒரே குப்பையில் போடாதீர்கள். சாமி படத்துக்குப் பின்னால் பாஸ்புக்கை வைக்கச் சொல்லுங்கள். பின் நம்பரை மட்டும் எந்தப் படத்துக்குப் பின்னாலும் எழுதி வைக்க வேண்டாம், அதை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.