அங்கோர் வாட்டில் பெருமாளுக்கு இடம் இருக்கிறதா, இல்லையா?

வைகைக்கரை:
கம்போடியா போய் வந்ததிலிருந்து மனது ஆறவில்லை. அங்கோர் வாட் மேற்கு வாசலில் எட்டுக் கைகளோடு விஷ்ணு நிற்கிறார். தோளில் மஞ்சள் துணி, காலடியில் ஊதுபத்தி. 'தா ரீச்' என்று ஊர்க்காவல் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் பெருமாளுக்குக் கட்டிய கோயில் அது. அவன் இறந்தபின் வழங்கிய பெயரே பரமவிஷ்ணுலோகன். பின்னால் வந்த பௌத்தர்கள் மூலக் கருவறை வாசல்களை அடைத்து, அந்தச் சுவரிலேயே புத்தரைச் செதுக்கிவிட்டார்கள். இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

தேன்மொழி:
துணி போர்த்தி, பத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள் அண்ணா. அப்புறம் என்ன குறை? பிரகாரத்தின் வடகிழக்குப் பக்கம் போனீர்களா? அங்கே கிருஷ்ணர் கருடன்மேல் ஏறி வாணாசுரனோடு போர் புரிகிறார். எதிரே நெருப்புச் சுவர், அதைக் கருடன் அணைக்கிறது. அந்தச் சிற்பம் சூரியவர்மன் காலத்தது இல்லை. 1546க்கும் 1564க்கும் நடுவில், நாடே தேரவாத பௌத்தமாகிவிட்ட பிறகு, ஒரு பௌத்த அரசன் செதுக்க வைத்தது. பிடித்துக்கொண்டவன் எதற்குக் கிருஷ்ணரின் வெற்றியைச் செதுக்குவான்?

வைகைக்கரை:
பார்த்தேன் தங்கச்சி. கிழக்குப் பிரகாரத்தில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைகிறார்களே, 88 தேவர், 92 அசுரர், ஒவ்வொரு உடம்பிலும் அந்த இழுவிசை தெரிகிறது. அதோடு ஒப்பிட்டால் நீ சொல்லும் கிருஷ்ணர் சிற்பம் கைத்திறனே இல்லாத வேலை. ஆள் வைத்துச் செய்ததாலேயே பக்தி வந்துவிடாது.

பாலாற்றான்:
உளி ஒரு பக்கம் மட்டும் பாயவில்லை ஐயா. வடக்கே பயோன் இருக்கிறது. ஏழாம் ஜெயவர்மன் கட்டிய மகாயான பௌத்தக் கோயில். அதன் நடுக் கோபுரத்தில் இருந்த, நாகம் குடைபிடிக்கும் புத்தரை உடைத்துக் குழிக்குள் தள்ளிவிட்டார்கள். 1933இல்தான் துண்டு துண்டாகக் கிடைத்தது. 13ஆம் நூற்றாண்டில் வந்த சைவ மன்னன் எட்டாம் ஜெயவர்மன் காலத்தில் நடந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சிவபக்தர்கள் செய்ததாகச் சொல்லப்படும் இதற்கும் உங்கள் மனது ஆறாமல் இருக்க வேண்டும்.

வைகைக்கரை:
அதுவும் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வழிகாட்டி விஷ்ணுவைப் பற்றி ஒரு வரியோடு நகர்ந்துவிட்டார். காசு கொடுத்து வருகிறவனுக்குக் கோயில் யாருக்காக எழும்பியது என்று முழுசாகச் சொல்ல வேண்டாமா?

தேன்மொழி:
சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிக்குகள் விடாமல் புழங்கியதால்தான் மற்ற கோயில்களைப் போல இதைக் காடு மூடவில்லை. பௌத்தப் புனித நாட்களில் உச்சித் தளத்துக்கு நம்மை ஏற்ற மாட்டார்கள். மற்ற நாட்களிலும் தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் விடுவார்கள். அங்கே இன்னமும் சாமி கும்பிடுகிறார்கள், அண்ணா. வாசலில் இருக்கும் பெருமாளுக்குப் பத்தி ஏற்றுகிற பாட்டியிடம் போய் இது உங்கள் கோயில் இல்லை என்று சொல்வீர்களா?