ஸ்பானிஷ்ல ரெண்டு 'இரு': தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. பெரம்பூர், வயசு 43. நாலு மாசமா ராத்திரி உக்காந்து ஸ்பானிஷ் படிக்கிறேன். இலக்கண அட்டவணை மண்டையில ஏறல. தமிழோட ஒத்துப் பாத்தா ஏறுது. 'அப்லோ'ன்னாலே 'பேசுறேன்', 'நான்' தனியா வேண்டாம். 'மே குஸ்தா எல் கஃபே' அப்படியே நம்ம 'எனக்குக் காபி பிடிக்கும்'. இங்கிலீஷ் வழியா படிச்சப்போ இதுக்கே ஒரு வாரம் முழிச்சேன்!

மாட்டிக்கிட்டது 'செர்', 'எஸ்தார்'ல. ரெண்டுமே 'இரு'ங்கிற வினைதான். நிரந்தரம்னா செர், தற்காலிகம்னா எஸ்தார்னாங்க. அப்போ செத்தவருக்கு ஏன் 'எஸ்தா முவெர்த்தோ'? சென்னை இந்தியாவுல இருக்குங்கிறதுக்கும் எஸ்தார்தான். சென்னை எங்க நகரப் போகுது?

'அவர் டாக்டர்'னு நாம வினையே இல்லாம முடிக்கிற இடம் செர், 'இருக்கு' வர்ற இடம் எஸ்தார்னு ஒரு கணக்கு வெச்சிருக்கேன். இது எங்க உதைக்கும்? ஞாயித்துக்கிழமை பேசிப் பழக வட சென்னையில யாராவது இருந்தாலும் கமெண்ட்ல வாங்க.